ரோக்ஃபோர் என்பது பொதுப்பெயர் அன்று

"நீலப் பூசணம் படர்ந்த பிரெஞ்சுப் பாலாடைக்கட்டி எல்லாமே ரோக்ஃபோர்தான், பசும்பாலில் எங்கு வேண்டுமானாலும் செய்யலாம்" என்ற கூற்று சரியன்று. ரோக்ஃபோர், லக்கோன் இனச் செம்மறியாட்டின் காய்ச்சாத பாலில் மட்டுமே செய்யப்படுவது. பால் சுற்றுவட்டாரத்திலிருந்து வரலாம். ஆனால் தெற்குப் பிரான்சின் அவெரோன் மாவட்டத்தில், ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன் என்ற சிற்றூரை ஒட்டிய கொம்பலூ மலையடிவாரக் குகைகளில்தான் அது பக்குவப்பட்டாக வேண்டும். சரிந்து கிடக்கும் பாறைகளுக்கு நடுவே, அவ்வூரார் ஃப்ளொரீன் என்றழைக்கும் வெடிப்புகளின் வழியே, ஈரமும் குளிர்ச்சியும் கலந்த காற்று ஓயாமல் உள்ளே வருகிறது. ஊசியால் குத்தித் துளையிட்ட கட்டிகளுக்குள் பூசணம் நரம்புபோல் ஓடுவதற்கு அந்தக் காற்றே துணை. 1925-லேயே பிரெஞ்சுச் சட்டம் இப்பெயருக்குப் பாதுகாப்பு அளித்துவிட்டது.

நீங்கள் வாங்கியது பசும்பாலில் ஆனது என்றால், அது ஓவெர்ன் பகுதியில் தோன்றிய ப்ளூ தோவெர்னாக இருக்கலாம் (சுவையில் அதுவும் இளைத்ததன்று). இரண்டிலும் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூசணமே வளர்வதால் குழப்பம் நேர்வது இயல்புதான். ஊரின் பெயர் பூசணத்துக்குச் சென்றதே ஒழிய, பூசணம் உள்ளதெல்லாம் அவ்வூர்ச் சரக்கு ஆகிவிடாது.