‘சரிம்மா’ என்றது அப்பாவின் குற்றமா?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கிரெடிட் கார்டு பற்றி நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு முன்கதை தெரியும். படிக்காதவர்களுக்கு: தொலைபேசியில் அப்பா சொன்ன ஒரு ‘சரிம்மா’வை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, அவர் கேட்காத ஒரு ‘பாதுகாப்புத் திட்டத்துக்காக’ மூன்று ஆண்டுகளில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் அவர் கார்டில் ஏற்றிவிட்டார்கள், நாங்கள் வங்கிக்குப் புகார் எழுதியிருக்கிறோம். அந்தப் பதிவின் கீழே ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எழுதியிருந்த பதிலும் தெரிந்திருக்கும். “படித்துப் பார்க்காமல் ஒப்புக்கொண்டது யார் தவறு? ஆறாயிரம் ரூபாய்க்காக வங்கியைத் தெருவுக்கு இழுக்க வேண்டுமா? இப்படிப் புகார் செய்பவர்களால்தான் வங்கி ஊழியர்கள் நிம்மதியாக வேலை பார்க்க முடிவதில்லை.” இதற்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அவர்களில் என்னிடம் படித்த மாணவர்கள் இருவர்.

நான்கு நாட்கள் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். வங்கியியல் சட்டமும் நடைமுறையும் என் பாடம். அந்த உரிமையில் சொல்கிறேன்: இன்று கிரெடிட் கார்டு வைத்திருக்கும் நம் ஒவ்வொருவருக்கும் இருக்கிற பாதுகாப்பு, முன்பு யாரோ ஒருவர் “எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது” என்று எழுதிப் போட்டதால் வந்தது. எந்த நிறுவனமும் தானாக மனமிரங்கிக் கொடுத்ததில்லை. அப்படிப் புகார் செய்தவர்களைத்தான் நீங்கள் தொல்லை என்கிறீர்கள்.

உதாரணம் வேண்டுமா? ப்ராவிடியன் நிறுவனத்தின் கதையைச் சொல்கிறேன். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் கதைதான். விருப்பம் தெரிவித்த அந்த இரு மாணவர்களும் அதைக் கேட்டவர்கள்தான் என்பதே எனக்கு அதிக வருத்தம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட கிரெடிட் கார்டு நிறுவனம் ப்ராவிடியன். 1980களில் ஃபர்ஸ்ட் டெபாசிட் என்ற பெயரில் வளர்ந்து, 1997இல் தனி நிறுவனமாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. தொடக்க காலத்தில் அதன் மூளையாக இருந்தவர் ஆண்ட்ரூ கார். மாதந்தோறும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை அப்போது பாக்கியில் 5 சதவீதமாக இருந்தது. அதை 2 சதவீதமாக்கலாம் என்று கண்டுபிடித்தவர் அவர். கேட்பதற்குச் சலுகை போல இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 20 சதவீத வட்டியில் 1,000 டாலர் பாக்கி என்றால், அந்த மாதத்து வட்டியே ஏறக்குறைய 17 டாலர். 20 டாலர் கட்டினால் அசலில் 3 டாலர்தான் குறையும். கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருப்பார், கடனும் கூடவே இருந்துகொண்டிருக்கும்.

ப்ராவிடியன் குறிவைத்தது பிற வங்கிகள் கார்டு தர மறுத்தவர்களை. வருமானம் குறைந்தவர்கள், ஒருமுறை கடனில் விழுந்து எழுந்தவர்கள். அவர்களுக்கு “ஆண்டுக் கட்டணம் கிடையாது” என்று கார்டு விற்றார்கள். ஆனால் அதோடு ‘கடன் பாதுகாப்பு’ என்றொரு திட்டத்தையும் வாங்கியாக வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. அதன் விலை ஆண்டுக்கு 156 டாலர். வேலை போனால் 18 மாதம் வரை காப்பாற்றும் என்றார்கள். எத்தனை மாதம் பிரீமியம் கட்டியிருக்கிறாரோ அத்தனை மாதத்துக்குத்தான் பலன் என்பது வேலை போன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. பணத்தை உரிய நாளுக்குள் அனுப்பியும் தாமதக் கட்டணம் போட்டார்கள் என்ற புகார்களும் குவிந்தன.

அந்தப் புகார்கள் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர் டெரன்ஸ் ஹாலினன் அலுவலகத்துக்குப் போயின. 1999இல் விசாரணை தொடங்கியது. தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பும் பிறகு சேர்ந்துகொண்டது. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 30 கோடி டாலர் திருப்பித் தர ப்ராவிடியன் ஒப்புக்கொண்டது.

முப்பது கோடி டாலர் ஐயா! ஆளுக்கு 156 டாலராகப் பிடித்த பணத்துக்காக எழுதியவர்களால் திரும்பி வந்தது. அவர்கள் ஒவ்வொருவரிடமும் “நூற்று ஐம்பது டாலருக்கு இவ்வளவு கூச்சலா” என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதைக் கேட்டு அவர்கள் வாயை மூடியிருந்தால் அந்தப் பணம் இன்றுவரை அந்த நிறுவனத்தின் லாபக் கணக்கில்தான் இருந்திருக்கும்.

அப்போது அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஓர் இந்தியர், பம்பாய் ஐஐடியில் படித்த ஷைலேஷ் மேத்தா. அந்த ஐஐடியின் மேலாண்மைப் பள்ளி இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. 2001இல் வாராக்கடன் பெருகி, பங்கு விலை சரிந்து, அவர் பதவி விலக வேண்டி வந்தது. 2005இல் ப்ராவிடியனை வாஷிங்டன் மியூச்சுவல் வங்கி வாங்கியது. 2008 செப்டம்பரில் அந்த வங்கியும் விழுந்தது. அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு பெரிய வங்கி அதுவரை விழுந்ததில்லை. ப்ராவிடியன் என்ற பெயர் போய்விட்டது. அது கற்றுக்கொடுத்த வியாபாரம் போகவில்லை. 2012இல் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு தன் முதல் நடவடிக்கையை எடுத்தபோதும் விஷயம் இதுதான். கார்டோடு சேர்த்துத் தள்ளிவிட்ட பாதுகாப்புத் திட்டங்களுக்காக, கேபிடல் ஒன் வங்கி சுமார் இருபது லட்சம் வாடிக்கையாளர்களுக்கு 14 கோடி டாலர் திருப்பித் தந்தது.

“அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?” என்று கேட்பீர்கள். அப்பாவின் கார்டில் ஏறியிருந்ததும் இதே பொருள்தான். அதனால்தான் சொல்கிறேன். கார்டு தொலைந்தால், யாராவது மோசடி செய்தால் ஈடு தருவோம் என்ற ‘பாதுகாப்புத் திட்டம்’. ஆண்டுக்கு வரியோடு 2,241 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 6,723. ஆனால் வாடிக்கையாளரின் தவறு இல்லாமல் வெளியார் செய்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே தமக்கு உரிமையாக இருந்ததில் பெரும்பகுதியை அப்பா பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். பிரிட்டனில் சிபிபி என்ற நிறுவனம் வங்கிகள் வழியாக இதே போன்ற திட்டத்தை விற்றது. 2012இல் அதற்கு 1.05 கோடி பவுண்டு அபராதம் விதித்தார்கள். அடுத்த ஆண்டு ஏறக்குறைய 70 லட்சம் பேருக்கு 130 கோடி பவுண்டு வரை ஈடு தரும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. எழுபது லட்சம் பேரும் படிக்கத் தெரியாதவர்களா?

இப்போது “படித்துப் பார்த்திருக்க வேண்டும்” என்பதற்கு வருகிறேன். எதைப் படிப்பது? அப்பாவுக்கு வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரம். ஒரு பெண் கடகடவென்று பேசியிருக்கிறாள். “உங்கள் கார்டுக்குப் பாதுகாப்பு வசதி இருக்கிறது சார், சரிதானே?” என்று கேட்டிருக்கிறாள். அப்பா “சரிம்மா” என்றிருக்கிறார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எதிரில் பேசுவது ஒரு பிள்ளை என்றால் அவர் வாயில் முதலில் வருவது “சரிம்மா”தான். அந்த ஒரு சொல்லைத்தான் “வாடிக்கையாளரின் ஒப்புதல் பெறப்பட்டது” என்று எங்களுக்கு எழுதி அனுப்பினார்கள். கார்டோடு தரும் காப்பீட்டுக்கு வெளிப்படையான ஒப்புதலை எழுத்திலோ மின்னணு வழியிலோ பெற வேண்டும் என்று 2022ஆம் ஆண்டிலிருந்தே ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் சொல்கின்றன. நானும் அதைத்தான் கேட்கிறேன், காட்டுங்கள். அந்த அழைப்பின் ஒலிப்பதிவையாவது கொடுங்கள். இதுவரை இரண்டும் வரவில்லை.

அப்பா கவனக்குறைவானவர் என்று எழுதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1979இலிருந்து அவர் எழுதிய நாள்வழிக் கணக்கு நோட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. கீரைக்கட்டுக்குக் கொடுத்த நாலணாவும் அதில் இருக்கும். அம்மாவின் வளையலை அடகு வைத்த நாளும், மீட்ட நாளும், கட்டிய வட்டியும் சிவப்பு மையில் இருக்கும். அப்படிப்பட்டவர் ஒருமுறை 11,400 ரூபாய் பில்லுக்கு 570 ரூபாய் மட்டும் கட்டினார். ஸ்டேட்மெண்டில் ‘செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை’ என்று போட்டிருந்தது. மீதியை அடுத்த மாதம் கட்டினால் போதும், வட்டி ஏறாது என்று நினைத்துவிட்டார். “பேங்க்காரன் நம் நிலைமை பார்த்துக் கேட்கிறான்” என்று என்னிடம் சொன்னார். இரண்டு மாதம் கழித்து வட்டியைப் பார்த்ததும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் கூர்தீட்டிய ‘குறைந்தபட்சத் தொகை’ உத்தி, மன்னார்குடியில் ஓர் ஓய்வூதியர் வீட்டுத் திண்ணை வரை வந்திருக்கிறது. படித்தால் புரியாமல் போவதற்காகவே வைத்த சொற்களைப் படித்துத்தான் அவர் ஏமாந்தார்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கை இப்போது ஸ்டேட்மெண்டில் இருக்க வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும். கேட்காமல் கார்டு கொடுத்துக் கட்டணமும் போட்டால், கட்டணத்தை நீக்குவதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். இவை இப்போது விதிகள். புகார் செய்து செய்து ஓய்ந்துபோன மனிதர்களின் உழைப்பு இவற்றில் இருக்கிறது.

எல்லாப் புகாரும் வெல்வதில்லை என்பது எனக்கும் தெரியும். 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டுப் பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்றது. பதினாறு ஆண்டுகள் கழித்து 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது நியாயமா இல்லையா என்பதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் கேட்டதே தவறு என்று உச்ச நீதிமன்றம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள்.

“கார்டே வாங்காமல் இருந்திருக்கலாமே” என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஓய்வூதியக் கணக்கு இருக்கும் கிளையில் “உங்களுக்காகவே வந்திருக்கிறது சார்” என்று கையில் கொடுத்ததைத்தான் வாங்கினார்.

“ஊழியர்களுக்கு இலக்கு வைத்து நெருக்குகிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள்?” இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். என் மாணவிகள் பலர் அந்த வேலையில் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் அழுதுகொண்டு எனக்கே போன் செய்திருக்கிறார்கள். ஆனால் நெருக்குகிறவர்கள் மீது புகார் போகாவிட்டால் அந்த நெருக்கடி எப்படி நிற்கும்? மேலாளராக இருந்த நீங்கள் அதை எழுதியிருக்க வேண்டும் ஐயா. உங்களுக்கு உள்ளே நடப்பது தெரியும். தெரிந்திருந்தும் எழுபத்து நான்கு வயது மனிதரைப் பார்த்து “யார் தவறு” என்று கேட்டீர்கள்.

அந்தக் கேள்வி என்ன செய்தது தெரியுமா? திட்டம் பற்றித் தெரிந்த அன்று அப்பா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “நான் ஏமாந்தேன் என்று வெளியே சொல்லாதேம்மா.” நான்தான் கேட்கவில்லை. மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று எழுதினேன். திங்கட்கிழமை மாலை என் மகனின் போனில் அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டார். உங்கள் பெயரைப் பார்த்து, “இவர் காலையில் நம்மோடு நடக்கிறவர்தானே” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவர் காலை நடைக்குப் போகவில்லை. முட்டி வலிக்கிறது என்கிறார்.

வங்கியியல் பாடம் நடத்துகிற நான் மூன்று ஆண்டுகளாக என் அப்பாவின் ஸ்டேட்மெண்டை ஒருமுறைகூட வாங்கிப் பார்க்கவில்லை. யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும் என்றால் என்னைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவரைச் சொல்லாதீர்கள்.

பதிவை நீக்கும்படி உள்பெட்டியில் மூன்று பேர் சொன்னார்கள். நீக்கப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஸ்டேட்மெண்டில் ‘பாதுகாப்பு’, ‘பிரீமியம்’ என்று ஏதாவது ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டியதில்லை. எப்படி என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

எங்கள் கடிதம் வங்கியின் தலைமை அலுவலகத்துக்குப் போய் இன்று பன்னிரண்டாவது நாள். அனுப்புவதற்கு முன் அப்பா அதை வாங்கி, பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். நான் விட்டிருந்த இரண்டு ஒற்றுகளைச் சேர்த்தார். பிறகு கையெழுத்துக்கு மேலே தம் கையாலேயே ஒரு வரி எழுதினார்: “என்னிடம் பேசிய பெண்ணின் வேலைக்கு இதனால் எந்தப் பாதிப்பும் வரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.”