கோடு எல்லாருக்கும் தெரியுறதால லினக்ஸ ஹேக் பண்றது ஈஸியா?

"லினக்ஸ் கோடு ஊருக்கே தெரியும், ஈஸியா ஹேக் பண்ணிருவாங்க, பேங்க் வேலைக்கு யூஸ் பண்ணாதீங்க"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, தப்புங்க. லினக்ஸ்ங்கிறது விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். உங்க ஆண்ட்ராய்டு போன்ல ஓடுறதே லினக்ஸ் கெர்னல்தான் (சிஸ்டத்தோட மையப் பகுதி), அதுலதான ஜிபே பண்றீங்க? கோடு திருடனுக்கு மட்டுமா தெரியுது, சரிபாக்குறவங்களுக்கும் தெரியும்ல. உதாரணத்துக்கு, லினக்ஸ்ல யூஸ் பண்ற எக்ஸ்இசட்னு ஃபைல சுருக்குற டூல் ஒண்ணு, அதுல ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லவராட்டம் வேலை செஞ்சு நம்பிக்கைய வாங்கிட்டு பேக்டோர் (திருட்டுத்தனமா உள்ள நுழையுற வழி) வச்சிட்டாரு, 2024 மார்ச்ல ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினியர் (வேலை பாக்குறது மைக்ரோசாஃப்ட்ல!) எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டி நோண்டி புடிச்சாரு, டெபியன்ங்கிற லினக்ஸ் வகையோட ஸ்டேபிள் வெர்ஷனுக்கு (எல்லாரும் நம்பி யூஸ் பண்ற வெர்ஷன்) அது போய்ச் சேரவே இல்ல. அதுக்காக லினக்ஸ்ல ஓட்டையே வராதுன்னு சொல்லல, வரும், அப்டேட் வந்தா உடனே போட்டுருங்க.