யாரும் இலவசமாக விட்டுக்கொடுத்த படம் அல்ல அது

"ரொமேரோ காப்புரிமையே வேண்டாம் என்று நைட் ஆஃப் தி லிவிங் டெட் படத்தை மக்களுக்கு இலவசமாக விட்டுவிட்டார்" என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். ஜார்ஜ் ரொமேரோ இயக்கி 1968-இல் வந்த அமெரிக்க ஜாம்பி திகில் படத்தைப் பற்றிய பேச்சு இது. அது தவறு. ரொமேரோ உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, அது பறிபோனது.

வெளியீட்டுக்கு முன் படத்துக்கு இருந்த பெயர் நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ். படத் தொடக்கத்தில் திரையில் அந்தப் பெயரைக் காட்டும் தலைப்பு அட்டையிலேயே காப்புரிமை அறிவிப்பு வரியும் இருந்தது. விநியோகஸ்தர் வால்டர் ரீட் நிறுவனம் பெயரை மாற்றியபோது பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டது. புதிய அட்டையில் அந்த வரி இல்லை. 1968-இல் அமெரிக்கச் சட்டப்படி, அறிவிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமையே போய்விடும். அவ்வளவுதான் நடந்தது. ஒரே ஒரு வரி!

அப்புறம் யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள், டிவியில் ஓட்டினார்கள். எடுத்தவர்களுக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிட்ஸ்பர்க் நண்பர்கள் சுமார் 1,14,000 டாலர் திரட்டி, ஒரு பழைய பண்ணை வீட்டில் எடுத்த படம். இரத்தத்துக்கு சாக்லேட் சிரப்தான். கறுப்பு வெள்ளையில் அது கெட்டியான இரத்தமாகவே தெரியும், அந்தக் காட்சிகளை நிறுத்திப் பாருங்கள். இப்படி உழைத்தவர்கள் ஏமாந்த கதையைப் பெருந்தன்மைக் கதையாக மாற்றுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இலவசமாகக் கிடைத்ததால் படம் உலகமெங்கும் பரவியது என்பது சரி. ஆனால் அது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பதிவைத் திருத்திவிடுங்கள்.