ராஜா கேக்கில் மொச்சையைக் காணோம்

போர்த்துகலின் போர்ட்டோ நகரம். டிசம்பர் 23, சாயங்காலம். மூன்றாவது மாடி வீட்டின் சமையலறை. ரோசா இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். மனுவேல் வடகிழக்கே பிரகான்சா பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகியும் அவர் மனதளவில் அந்த மலையை விட்டு இறங்கவில்லை.

நாளை இரவு கொன்சுவாடா, அதாவது கிறிஸ்து பிறப்புக்கு முந்தின இரவு விருந்து. இந்த வட்டாரத்தில் அன்று மேஜையில் இறைச்சி வராது, மீன்தான். பழைய விரத நாளின் மிச்சம். மீன் என்றால் பக்கல்யாவ்: உப்பிட்டுக் காயவைத்த காட் மீன். நம் கருவாட்டுக்கு அண்ணன் முறை. கையில் எடுத்தால் பலகை மாதிரி இருக்கும். அதை இரண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். அந்தப் பொறுப்பை இந்த வருடம் மனுவேலிடம் கொடுத்திருக்கிறார் ரோசா.

ரோசா: மனுவேல், மீனுக்கு எப்போது தண்ணீர் மாற்றினாய்?

மனுவேல்: மாற்றினேனே.

ரோசா: எப்போது என்று கேட்டேன்.

மனுவேல்: வெளிச்சம் இருந்தபோது.

ரோசா: எந்த நாள் வெளிச்சம்?

மனுவேல்: (மார்பைக் குனிந்து பார்த்து) இந்தச் சட்டையில் பொத்தான் போய்விட்டது. போன வாரமே சொன்னேன். நீ தைக்கவில்லை. நானே தைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால்...

ரோசா: பேச்சை மாற்றத் தெரிகிறது, தண்ணீரை மாற்றத் தெரியவில்லை. எழுந்திரு.

(மனுவேல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பாத்திரத்தில் விரலை விட்டு நாக்கில் வைக்கிறார். முகம் சுருங்குகிறது.)

மனுவேல்: ஒன்றும் பயமில்லை. அட்லாண்டிக்கில் பாதிதான் பாக்கி.

ரோசா: நாளைக்கு எல்லோரும் விருந்து முடிந்து குழாயடியில் நிற்கப் போகிறார்கள்.

மனுவேல்: எங்கள் ஊரில் இந்தத் தொல்லையே கிடையாது. கொன்சுவாடா என்றால் ஆக்டோபஸ். வேகவைத்தோமா, ஆலிவ் எண்ணெய் ஊற்றினோமா, சாப்பிட்டோமா, முடிந்தது.

ரோசா: உங்கள் ஊரைச் சுற்றி மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. ராணுவத்தில் சேர்த்த பிறகுதான் நீ கடலையே பார்த்தாய். அங்கே ஆக்டோபஸ் எந்த மரத்தில் காய்த்தது?

மனுவேல்: காயவைத்ததை வியாபாரி கொண்டுவருவான். சரி, நீ சொல். நம் கடலில் ஒரு காட் மீனைக் காட்டு பார்ப்போம். நார்வேயிலிருந்து வருகிறது உன் மீன். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பலில் போய், நடுக்கடலில் ஆளுக்கொரு சின்னப் படகில் இறங்கித் தூண்டில் போட்டார்கள். நம் நாட்டு மீன், நம் நாட்டு மீன் என்கிறாயே, அதற்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

ரோசா: வெளியூரானாலும் நம்பிக்கையானது. ‘விசுவாசமான நண்பன்’ என்று அந்த மீனுக்கு நம் முன்னோர் சும்மாவா பெயர் வைத்தார்கள்? இத்தனை வருடத்தில் அது எனக்கு ஒரு பொய் சொன்னது கிடையாது.

மனுவேல்: அது செத்த மீன், ரோசா.

ரோசா: அதனால்தான்.

(கொஞ்ச நேரம் குழாய்ச் சத்தம் மட்டும். ரோசா பெரிய கோஸ் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்குகிறார். பென்கா என்னும் இந்தக் கோஸ் பனி விழுந்த பிறகு பறித்தால்தான் இலை மெதுவாக இருக்கும் என்பது வடக்கத்தியர் கணக்கு. மீனோடு இதுவும் உருளைக்கிழங்கும் முட்டையும் வெந்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மேலே ஊற்றினால் விருந்து தயார். மசாலா கிடையாது. நம் ஆட்கள் பார்த்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார்கள்.)

மனுவேல்: எத்தனை பேருக்கு?

ரோசா: நாம் இரண்டு பேர், பையன், மருமகள், என் தம்பி. அப்புறம் உன் அம்மா.

மனுவேல்: அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது!

ரோசா: அதனால் என்ன? ராத்திரி மேஜையைச் சுத்தம் செய்யாமல் அப்படியே விடுகிறோமே, எதற்கு? நம்மை விட்டுப் போன ஆத்மாக்கள் வந்து சாப்பிடட்டும் என்றுதானே. போன வருடம் காலையில் பார்த்தேன். உப்புக் கிண்ணம் இடம் மாறியிருந்தது.

மனுவேல்: பூனையாக இருக்கும்.

ரோசா: பூனை உப்பைக் குறை சொல்லாது. உன் அம்மாதான்.

மனுவேல்: சரி, மிஞ்சுவதை மறுநாள் மத்தியானம் பூண்டும் எண்ணெயும் விட்டுப் புரட்டி எடுத்தால் ‘பழைய துணி’. (ஆமாம், அந்த உணவின் பெயரே ‘ரோபா வெல்யா’, பழைய துணி.) என்னைக் கேட்டால் விருந்தைவிட அதுதான் ருசி.

ரோசா: இந்த வருடம் சந்தேகம். மருமகள் போன் செய்தாள். 25 மத்தியானம் வான்கோழி வேண்டுமாம்.

மனுவேல்: லிஸ்பன்காரி!

ரோசா: அவள் பாட்டி வீட்டில் வான்கோழியை அறுப்பதற்கு முன்னால் அதன் தொண்டையில் சாராயம் ஊற்றுவார்களாம். கறி மெதுவாகும் என்று.

மனுவேல்: (முதல் முறையாக ஆர்வத்துடன்) வான்கோழிக்கு மட்டுமா, சமைக்கிறவர்களுக்கும் உண்டா?

ரோசா: உனக்குத் தண்ணீர்தான். அதுவும் மாற்றுவதற்கு.

(இனி இனிப்பு. இந்த வீட்டில் இனிப்புச் செய்யும் நாளில் முட்டை எண்ணக் கூடாது. போர்த்துகல் இனிப்புகளில் பாதி கன்னியர் மடங்களில் பிறந்தவை. அங்கே வெள்ளைக்கரு உடுப்புக்குக் கஞ்சி போடப் போனதாம். மிஞ்சிய மஞ்சள்கருவும் சர்க்கரையும் சேர்ந்து நாட்டையே வளைத்துப் போட்டன.)

மனுவேல்: இந்தப் பழைய ரொட்டியைத் தூக்கிப் போடட்டுமா? கல் மாதிரி இருக்கிறது.

ரோசா: தொட்டாயோ கையை உடைப்பேன். ரபனாடாவுக்கு வைத்திருக்கிறேன். ரொட்டி பழசானால்தான் பாலைக் குடித்தும் உடையாமல் நிற்கும். பாலில் நனைத்து, முட்டையில் புரட்டி, பொரித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும். இதைச் சில ஊரில் ‘பிள்ளை பெற்றவள் துண்டு’ என்பார்கள். பால் ஊறுவதற்குப் பிரசவித்தவளுக்குக் கொடுப்பார்கள்.

மனுவேல்: பிறகு நான் ஏன் வருடா வருடம் எட்டுத் துண்டு சாப்பிடுகிறேன்?

ரோசா: அதைத்தான் மருத்துவரும் கேட்டார்.

(அடுப்பில் அலெத்ரியா. சேமியாவைப் பாலில் வேகவைத்து, சர்க்கரையும் மஞ்சள்கருவும் சேர்த்து, தட்டில் கொட்டி ஆறவிடுவது. நம் சேமியா பாயசம் கோபித்துக்கொண்டு இறுகிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி. கத்தியால் வெட்டலாம். மேலே பட்டைத்தூளை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளிக் கோடு போட வேண்டும். மனுவேலுக்கு இதில் மட்டும் கைராசி உண்டு.)

ரோசா: என்ன வரைகிறாய்?

மனுவேல்: இதயம்.

ரோசா: ஏன் எட்டுக் கால் இருக்கிறது?

மனுவேல்: ...பட்டைத்தூள் சிந்திவிட்டது.

ரோசா: ஆக்டோபஸ் இந்த வீட்டுக்குள் எப்படியோ வந்துவிட்டது. நல்லது. உட்கார். இனி முக்கியமான விஷயம்.

மனுவேல்: (மூக்கை உறிஞ்சி) மேல்மாடி அம்மாள் ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது. வைனும் பூண்டும் மணக்கிறது. மதெய்ரா தீவுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பன்றிக்கறியை இதில் ஊறப்போட்டே ஆக வேண்டும்.

(நம் காதுக்கு ஒரு செய்தி: இந்த ‘வீஞ்ஞா தாலியுஷ்’ கோவாவுக்குக் கப்பலேறி, மிளகாயோடு சிநேகமாகித்தான் விந்தாலு ஆனது.)

ரோசா: மணத்துக்குப் பின்னால் ஒளியாதே. காலையில் என் தம்பி போன் செய்தான். நாளைக்கு ராஜா கேக் வாங்கி வரமாட்டானாம்.

மனுவேல்: ஐயையோ. ஏன்?

(ராஜா கேக், போலு ரெய். வளையமாக, நடுவில் ஓட்டையோடு, மேலே சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்கள் கிரீடத்துக் கல் மாதிரி பதிந்திருக்கும். உள்ளே எங்கோ ஓரிடத்தில் ஒரு காய்ந்த ஃபாவா, நம் மொச்சையைவிடக் கொஞ்சம் பெரியது. யார் துண்டில் அது வருகிறதோ அவர்தான் அடுத்த கேக் வாங்க வேண்டும். ஊரறிந்த சட்டம்.)

ரோசா: ஏனா? கடைசியாக மொச்சை கண்டவன் அவன். அதற்குப் பிறகு பத்து வருடம், பத்து கேக், யார் துண்டிலும் மொச்சை வரவில்லை. சட்டப்படி அவனே வாங்கிக்கொண்டிருக்கிறான். மேலே பழம், உள்ளே என் பணம் என்கிறான்.

மனுவேல்: இப்போதெல்லாம் கேக்கில் எதுவும் வைப்பதில்லை ரோசா. சட்டமே வந்துவிட்டதே.

ரோசா: தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சட்டம் உலோகப் பொம்மைக்கு. குழந்தைகள் விழுங்கிவிடும் என்று அதை எடுத்தார்கள். மொச்சையை யாரும் தொடவில்லை.

மனுவேல்: இந்தக் கேக்கே நம்முடையது இல்லை. பிரான்சிலிருந்து வந்தது. 1829ல் தொடங்கிய அந்த லிஸ்பன் மிட்டாய்க்கடைதான் முதலில் செய்தது என்று மருமகள் பீற்றிக்கொள்வாளே. 1910ல் ராஜாவையே நாட்டை விட்டு அனுப்பினோம். அப்போது கடைக்காரர்கள் பயந்துபோய் ‘முன்னாள் ராஜா கேக்’ என்றுகூடப் பெயர் மாற்றி விற்றார்களாம். ராஜாவே போன நாட்டில் ஒரு மொச்சை போவது பெரிய விஷயமா?

ரோசா: ராஜா போனது எல்லோருக்கும் தெரியும். மொச்சை போன இடம்தான் தெரியவில்லை. தம்பி பேக்கரிக்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறான். கடைக்காரர் மாதாமேல் ஆணையிட்டாராம்: ஒவ்வொரு கேக்கிலும் என் கையாலேயே வைக்கிறேன், முப்பது வருடத்தில் ஒரு கேக் தவறியதில்லை என்று.

மனுவேல்: மனிதன்தானே. மறந்திருப்பார்.

ரோசா: ஒருமுறை மறப்பார். பத்து முறையா? இரு.

(ரோசா உள்ளே போய் மனுவேலின் கறுப்புக் கோட்டோடு வருகிறார்.)

ரோசா: நாளை ராத்திரி சேவல் பூசைக்கு. (நள்ளிரவுப் பூசைக்கு அங்கே அதுதான் பெயர்.) தூசி தட்டலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்தேன்.

(அலமாரி என்ற சொல்லே அவர்களிடமிருந்து நமக்கு வந்தது. ஆகவே மனுவேலின் முகம் வெளிறியதைத் தவிர வேறு எதையும் இங்கே மொழிபெயர்க்க வேண்டியதில்லை.)

ரோசா: (கோட்டின் உள்பையை மேஜைமேல் கவிழ்க்கிறார். டக், டக், டக்...) எண்ணு.

மனுவேல்: ...ஏழு.

ரோசா: என்ன இது?

மனுவேல்: விதை. நடலாம் என்று.

ரோசா: மூன்றாவது மாடியில்?

மனுவேல்: ஜெபமாலை கோக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது.

ரோசா: கேக் வெட்டி முடித்ததும் ‘பூசைக்கு நேரமாச்சு’ என்று முதலில் எழுந்து கோட்டைத் தேடுகிறவன் நீ. நானும் வயதாக ஆகப் பக்தி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டா பேசாமல் இருந்தாய்?

மனுவேல்: இடது கன்னத்தில். வலது பக்கப் பல் ஆடுகிறது.

ரோசா: வெட்கமாக இல்லை? ஏழை தச்சன் என் தம்பி. அவன் பத்து கேக் வாங்கியிருக்கிறான், நீ...

மனுவேல்: ஏழு.

ரோசா: என்ன ஏழு?

மனுவேல்: (நிமிர்ந்து உட்கார்ந்து) கேக் பத்து. கடைக்காரர் ஒருமுறைகூட மறந்ததில்லை, மாதாமேல் ஆணை. என் பையில் ஏழு. மீதி மூன்று எங்கே?

ரோசா: பையன் தின்றிருப்பான்.

மனுவேல்: அவன் ராஜா கேக்கைத் தொடவே மாட்டான். அந்தப் பழத்தைக் கண்டாலே ஆகாது.

ரோசா: அப்படியானால்... கடைக்காரரும் மனிதன்தானே. மறந்திருப்பார்.

மனுவேல்: இருக்கலாம். போன வாரம் இந்தச் சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம் என்று உன் தையல் பெட்டியைத் திறந்தேன். மூன்று பொத்தான் எடுத்தேன். பழுப்பு நிறம், பெரிசு. எவ்வளவு தேடியும் ஊசி விட ஓட்டையே இல்லை.

(நீண்ட மௌனம். மேல்மாடியில் யாரோ பூண்டு நசுக்கும் சத்தம். ரோசா மேஜையிலிருந்த ஏழு மொச்சையையும் கூட்டி அள்ளி, கோட்டுப் பையிலேயே திரும்பப் போட்டு, பையை நீவிவிடுகிறார்.)

ரோசா: தம்பிக்குப் போன் போடு.

மனுவேல்: என்ன சொல்ல?

ரோசா: கேக் இல்லாமல் வந்தால் கதவு திறக்காது என்று சொல். அப்புறம் அந்த மீனுக்குத் தண்ணீரை மாற்று.