மனநல மருத்துவரிடம் சொன்னதைக் குடும்பத்தார் கேட்டுப் பெறலாமா?

“மனநல மருத்துவரிடம் ஒருவர் பேசியதைக் குடும்பத்தார் கேட்டால், அவர் சொல்லியே ஆக வேண்டும்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 23ஆவது பிரிவில், சிகிச்சையின்போது அறிந்த விவரங்களை இரகசியமாகக் காப்பதைச் சிகிச்சை அளிப்போர் அனைவரின் கடமையாக்கியிருக்கிறது. நோயாளியின் சட்டப்படியான பிரதிநிதி உறவினராகவே இருந்தாலும், தம் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான தகவலை மட்டுமே அவர் பெறலாம். பிறருக்குத் தீங்கு நேரும் அபாயம் இருக்கையில்கூட, அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் எதையும் வெளியிட இயலாது.

உதவி நாடத் தயங்கி நிற்பவரை இன்னும் பின்வாங்கச் செய்யும் இவ்வதந்தியைத் தயவுசெய்து பகிராதீர்கள். ஆனால், இரகசியம் காக்கும் இந்தக் கடமை இருந்தாலும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது, போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, மருத்துவர் உட்பட எவருக்கும் கட்டாயம்.