ஏரிக்கும் சேர்த்து ரொக்கம் கேட்கிறார்கள்

பேசி முடித்த வீட்டு விலையை மறுநாள் காலையில் ஏற்றுவதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ! "சார், வீட்டுக்காரர் யோசித்துப் பார்த்தாராம். இன்னும் பதினைந்தாயிரம் சேர்த்துக் கொடுத்தால் உங்களுக்கே முடித்துவிடலாம் என்கிறார்" என்று முகவர் செய்தி அனுப்புகிறார். முந்தின இரவு இதே மனிதர்தான் "முடிந்தது சார், நாளைக்குக் கையெழுத்து" என்று கைகுலுக்கி அனுப்பிவைத்தார். அதை நம்பி அம்மாவிடம் சொன்னோம். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினார். எந்தச் சுவரோரம் எதைப் போடுவது என்று என் மனைவி தாளில் வரைந்துகூடப் பார்த்துவிட்டாள். கையெழுத்தாகும்வரை எதுவும் உறுதியில்லை என்பார்கள். தெரியும். சட்டம் அப்படித்தான். ஆனால் கொடுத்த வாக்குக்கு ஒரு இரவுகூட ஆயுள் கிடையாதா?

சிங்கப்பூரில் ஜூரோங் ஏரிப் பக்கம், அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் மறுவிற்பனை வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அம்மா தாமான் ஜூரோங்கில் இருக்கிறார். முட்டி வலி, தனியாகச் சந்தைக்குப் போக முடியவில்லை. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மானியம் உண்டு. அதனால்தான் அந்த வட்டாரம். ஏரியைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கும் ஆசையில் நாங்கள் போகவில்லை.

ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே அந்த ஏரியைத்தான். "ஏரிக் காட்சி, அரிய வாய்ப்பு." சரி, போய்ப் பார்ப்போம் என்று போனால், நடைபாதையில் வரிசை நிற்கிறது. கைக்குழந்தையோடு ஒரு ஜோடி, வயதான சீனத் தம்பதி, அளவு நாடாவோடு ஒருவர், அவருக்குப் பின்னால் நாங்கள். இரும்புக் கதவோரம் முகவர் நின்றுகொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் என்று உள்ளே விடுகிறார். ஆயுள் முழுக்கக் கடன் கட்டப்போகிற வீட்டைப் பார்க்கப் பத்து நிமிடம்! கூடத்தில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எத்தனை பேரைப் பார்த்தானோ பாவம். பெரிய படுக்கையறை சாத்தியிருந்தது. "உள்ளே பாட்டி தூங்குகிறார், தொந்தரவு வேண்டாம் சார்" என்றார் முகவர். பாட்டி தூங்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பார்க்காத அறைக்கு நான் எப்படி விலை சொல்வது? "அதே அளவுதான் சார், எல்லா வீட்டிலும் ஒன்றுதானே" என்கிறார். குளியலறைக் கூரையில் மஞ்சளாக ஈரம் படர்ந்து, சுண்ணாம்பு உரிந்து தொங்கியது. கேட்டேன். "அது மேல்வீட்டுக்காரர் சமாசாரம்" என்று அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டார்.

கடைசியில் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்துக்கு அழைத்துப் போனார். மூங்கில் கழிகளில் ஈரத்துணி. ஒரு காற்சட்டையை ஒதுக்கி, சன்னல் கம்பியில் நெஞ்சை அழுத்தி, இடது பக்கம் எட்டிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இரண்டு புளோக்குகளுக்கு நடுவே, கார்நிறுத்தக் கட்டடத்துக்கும் அப்பால், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ மின்னியது. "தெரிகிறதா சார்? காலையில் வெயில் பட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்" என்றார். அந்த உள்ளங்கை அகலத் தண்ணீருக்குத்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தரும் மதிப்பீட்டு விலைக்கு மேல் அறுபதாயிரம் வெள்ளி. ரொக்கம். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியிலிருந்து எடுக்க முடியாது, கடனிலும் சேராது. சேமிப்புக் கணக்கிலிருந்து சுளையாக எடுத்து வைக்க வேண்டும்.

இதில் என் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், மதிப்பீடு எவ்வளவு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. முகவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. 2014 மார்ச்சிலிருந்து விதி அப்படித்தான்: முதலில் விலை பேசி, வாங்கும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அதன் பிறகுதான் மதிப்பீடு கேட்க முடியும். மதிப்பீட்டுக்கு மேல் எவ்வளவு ரொக்கம் என்று பேரம் பேசும் பழக்கம் ஒழியட்டும், வீட்டின் விலையைப் பேசுங்கள் என்பதற்காகத்தான் அந்த மாற்றமே வந்தது. நல்ல எண்ணம். இன்று என்ன நடக்கிறது? வாசற்படி ஏறுவதற்கு முன்பே முகவர் கேட்கும் கேள்வி, "ரொக்கம் எவ்வளவு தயாராக இருக்கிறது சார்?" அக்கம்பக்கத்தில் விற்ற விலைகளை வைத்து அவராக ஒரு மதிப்பீட்டை ஊகித்து, அதன் மேல் அறுபதாயிரத்தை அடுக்குகிறார். ஊகம் பொய்த்து மதிப்பீடு குறைந்து வந்தால் அறுபது எண்பதாகும், தொண்ணூறாகும். கட்ட முடியாது என்று பின்வாங்கினால் கொடுத்த முன்பணம் போச்சு. அது அதிகபட்சம் 1,000 வெள்ளிதான், பெரிய தொகையில்லை என்பார்கள். மாதக் கடைசியில் என் வீட்டில் 1,000 வெள்ளி பெரிய தொகைதான்.

அது என்ன புது வீடா? எண்பதுகளின் நடுவில் கட்டியது. 99 ஆண்டுக் குத்தகையில் இனி அறுபதுதான் மிச்சம். என் மனைவிக்கு வயது 33. வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் சேமநிதியை முழுமையாகப் பயன்படுத்தலாம். இரண்டு ஆண்டு குறைகிறது. ஆகவே அங்கேயும் வெட்டு, அதையும் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொன்னால், "ஏரிப் பக்கம் சார், குத்தகையை யார் பார்க்கிறார்கள்" என்கிறார். நான் பார்க்கிறேன்! கட்டப்போகிறவன் நான்தானே!

சரி, அந்த ஏரி யாருடையது? 1971இல் ஜூரோங் ஆற்றை மறித்து உண்டாக்கிய ஏரி அது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே சதுப்பும் குன்றும்தான். 1961இல் தொழிற்பேட்டை வேலையைத் தொடங்கியபோது அதை அன்றைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீயின் மடத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. பிறகு 1973இல் ஜப்பானியத் தோட்டம் வந்தது, 1975இல் சீனத் தோட்டம் வந்தது, 2019இல் ஏரிக்கரைத் தோட்டம் திறந்தார்கள். எல்லாம் பொதுப்பணம். என் அப்பா அந்தப் பக்கக் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். மழை பெய்தால் செம்மண் சேறு முழங்கால்வரை ஏறும் என்பார். அவரைப் போன்ற ஆயிரம் ஆயிரம் பேர் வேலை பார்த்து வளர்ந்த ஊர். அந்த ஏரிக்கரையில் யார் வேண்டுமானாலும் இலவசமாக நடக்கலாம். அதைத் தன் சன்னலோரம் கட்டிவைத்ததுபோல் ஒருவர் விலை பேசுகிறார், அந்தத் தொழிலாளியின் மகனிடமே!

ஏரியைக் காட்டி முடிந்ததும் எதிர்காலத்தைக் காட்டுகிறார்கள். இரண்டாவது மத்திய வர்த்தக வட்டாரம் வருகிறது, புது ரயில் பாதை வருகிறது, இன்னும் பத்து ஆண்டில் பாருங்கள் என்று. கோலாலம்பூருக்கு அதிவேக ரயில் ஜூரோங் ஈஸ்டிலிருந்து புறப்படும் என்று சொல்லியும் ஒரு காலத்தில் விலை ஏற்றினார்கள். 2021 பிறந்த அன்றே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது என்று செய்தி வந்தது. ஏறிய விலையை யாராவது இறக்கினார்களா? ஜூரோங் வட்டாரப் பாதை முதலில் 2026இல் தொடங்கும் என்றார்கள், பிறகு தள்ளிப்போனது. ஏரி வட்டாரத்தில் பெரிய நிலத்துக்கு ஏலம் விட்டு, வந்த விலை குறைவு என்று 2024இல் யாருக்கும் கொடுக்கவில்லை. வரட்டும், எல்லாம் நல்லபடியாக வரட்டும். வந்த பிறகு அதற்கு விலை கேளுங்கள். வராத ரயிலுக்கு நான் ஏன் இன்றைக்கே ரொக்கம் கட்ட வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் அதிகமாகச் சுடுகிறது. தொலைபேசியில் முகவர் முதலில் கேட்டது என் பெயரை இல்லை, இனத்தை. அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், அது விதி. மொத்த வீடுகளில் இந்தியர் மற்றும் பிறருக்கு அக்கம்பக்க அளவில் 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு என்று வரம்பு. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. மலாய் அண்டைவீட்டார் கொடுத்த நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்தப் புளோக்கில் இந்தியர் வரம்பு நிரம்பிவிட்டது. அப்படியானால் நான் இன்னோர் இந்தியரிடமிருந்துதான் வாங்க முடியும். விற்பவரும் தமிழர். வரம்பு நிரம்பாத வேறு இனத்தவருக்கும் அவர் விற்கலாம், எனக்கோ அந்தப் புளோக்கில் அவரை விட்டால் ஆளில்லை. இது அவருக்கு நன்றாகத் தெரியும். கூடத்தில் முருகன் படத்தைப் பார்த்ததும் என் மனைவிக்கு ஒரு நிம்மதி. "நம்மவர்தான், முகத்தைப் பார்த்துப் பேசலாம்" என்றாள். அந்த நம்மவர்தான், எனக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு, ஒரே இரவில் பதினைந்தாயிரம் ஏற்றியிருக்கிறார்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "விடுங்கள், அந்த வீட்டில் போய் எனக்கு நிம்மதியாகச் சமைக்க வராது" என்றாள் மனைவி. அரை மணி நேரத்தில் அதே முகவரிடமிருந்து அடுத்த செய்தி: "வேறொரு வீடு இருக்கிறது சார், ஏரிக்கு இன்னும் பக்கம்." மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை, நேற்று நடந்தது நடக்காத மாதிரி!

கையெழுத்துப் போடுவதற்காக இன்றைக்கு விடுப்பு வேறு எடுத்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்து இதை எழுதினால், மேல்வீட்டில் தரையை உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். புதிதாக வாங்கி வந்தவர்களாம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய அறிவிப்பில் மூன்று நாள் வேலை என்றுதான் போட்டிருந்தது. அந்த மூன்று நாள் போன வாரமே முடிந்துவிட்டது. நல்ல தரை, ஒரு கீறல் இல்லாத தரை, அதை ஏனய்யா இப்படிப் போட்டு உடைக்கிறீர்கள்?