வெட்ட மனசு வராமல் வைத்திருந்த மஞ்சள் தாள்

போன வருடம் மே மாதம் பெரம்பூரிலிருந்து கொளத்தூருக்கு வீடு மாறினோம். சாமான் ஏற்ற வந்த தம்பி பரணிலிருந்து ஒவ்வொரு அட்டைப்பெட்டியாக இறக்கிக்கொண்டே வந்தார். ஏழாவது பெட்டியை இறக்கியதும், "அக்கா, எல்லாத்துலயும் பேப்பர்தானே இருக்கு? எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே பழைய பேப்பர் என்றுதான் நினைத்திருக்கிறார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஏழு பெட்டியும் நான் வருடக்கணக்காகச் சேர்த்தவை. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 2012-ல், அவளுடைய போட்டோக்களை வண்ணத் தாளில் ஒட்டி அலங்கரித்து, பக்கம் பக்கமாக ஸ்க்ராப்புக் செய்ய ஆரம்பித்தேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளாக ஏறி இறங்கி, பத்திரிகை அட்டைத் துண்டுகளும் வண்ணத் தாள்களும் வாங்கி வந்தேனே, அதுதான் முதல் பெட்டி. அடுத்து, தாள்பட்டையைச் சுருட்டிப் பூவும் நகையும் செய்யும் குவில்லிங் வந்தது. 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று எல்லா அகலத்திலும் பட்டைகள் வாங்கினேன். குவில்லிங் ஜிமிக்கி செய்தவர்கள் சில்க் த்ரெட் வளையலுக்கு மாறினார்கள், நானும் நூல்கண்டுகள் வாங்கினேன். அப்புறம் வாஷி டேப் என்கிற வண்ணக் காகித ஒட்டுப்பட்டை, அச்சில் ஊற்றி இறுகவிடும் ரெசின், அரக்கு முத்திரை, கடைசியாகப் பழைய காகிதங்களை ஒட்டிச் செய்யும் ஜங்க் ஜர்னல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. மோகம் வடிந்ததும் பெட்டி பரணுக்குப் போய்விடும்.

புது வீட்டில் பரண் கிடையாது. பெட்டிகள் ஹாலிலேயே கிடந்தன. சரி, என்னதான் இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். வாஷி டேப் மட்டும் 46 ரோல், ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர். மொத்தம் 230 மீட்டர். ஒரு பக்கத்துக்கு ஒரு அடி டேப் ஒட்டினாலே அதிகம். அப்படிப் பார்த்தால் எழுநூற்றைம்பது பக்கத்துக்கு வரும். இத்தனை வருடத்தில் நான் செய்து முடித்த பக்கங்கள் நாற்பத்தொன்று.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. செலவான பணத்தைவிட, மகளுடைய எத்தனை வருடங்கள் ஒட்டப்படாமல் போனில் கிடக்கின்றன என்பதுதான் உறுத்தியது. கடைக்குப் போன நேரத்தில் பாதியைப் பக்கம் செய்யக் கொடுத்திருந்தால் அவளுடைய பள்ளிக்காலம் முழுவதும் இன்று புத்தகமாக இருந்திருக்கும்.

வாஷி டேப்பின் கதை எனக்குப் பிடிக்கும். ஜப்பானில் குராஷிக்கி நகரத்தில் காமோய் என்ற கம்பெனி 1923-ல் ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. பிற்பாடு, பெயிண்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டும் மாஸ்கிங் டேப் செய்தார்கள். அந்தச் சாதாரணப் பட்டறை டேப்பின் நிறத்திலும் மெல்லிசிலும் மனசைப் பறிகொடுத்த சில கலைஞர்கள், அதை வைத்தே ஒரு சின்னப் புத்தகம் செய்து 2006-ல் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் 2008-ல் கைவேலைக்கென்றே வண்ண வண்ண டேப்புகள் வெளிவந்தன. கையில் கிடைத்த பொருளை அழகாகப் பார்த்த கண்ணிலிருந்து பிறந்தது அது. அதையே நாம் நாற்பத்தாறு ரோலாக வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பூட்டி வைப்பதற்கு நம் ஊர் தோதான இடமும் இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு அறை நிறைய டிராயர் போட்டு, தாள்களை நிறவாரியாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து நானும் அடுக்கினேன். சென்னை ஈரக்காற்றில் அது நடக்காது. 2013-ல் வாங்கிய தாள்கட்டைப் பிரித்தால் ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அதற்குப் பசையும் மாவுச்சத்தும்தான் சாப்பாடு. பசை போட்ட அட்டை என்றால் விடவே விடாது. கட்டைச் சுற்றிப் போட்டிருந்த ரப்பர் பேண்டு உருகித் தாளிலேயே ஒட்டிப் பழுப்புக் கோடாகிவிட்டது. நாங்கள் அந்துருண்டை போட்டோம், வேப்பிலை போட்டோம். இரண்டு மழைக்காலம் தாண்டினால் எல்லாம் ஒன்றுதான்.

எங்கள் அம்மாவின் கல்யாணப் புடவை நினைவுக்கு வந்தது. விசேஷத்துக்குக் கட்டலாம், விசேஷத்துக்குக் கட்டலாம் என்று பீரோவிலேயே வைத்திருந்தாள். ஒருநாள் பிரித்துப் பார்த்தால் மடித்த இடமெல்லாம் சரிகை இற்றுப்போய்க் கோடு கோடாகப் பிரிந்திருந்தது. கட்டித் தேய்ந்திருந்தால்கூட அம்மா அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டாள்.

இனி, எனக்கு வலித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு ஸ்க்ராப்புக் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். செய்து முடித்த பக்கம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முடிச்சூரில் எங்கள் சித்தி கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசப் பக்கத்தை எடுத்துப்போனேன். சித்தியும் சித்தப்பாவும் பசுமாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோ, சுற்றிலும் குவில்லிங் பூ பார்டர். வகுப்பு எடுத்தவர் பார்த்துவிட்டு, "பூ பார்டரெல்லாம் இப்ப யாரும் வைக்கறதில்ல. இது 2015 ஸ்டைல். பழைய ஸ்டாக்கையெல்லாம் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்றார். அத்தனை பேர் முன்னால் முகம் சுருங்கிவிட்டது. அன்று சாயங்காலமே 2,400 ரூபாய்க்குப் புதுச் செட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. அது 2015 ஸ்டைலாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? கிரகப்பிரவேசம் நடந்ததே 2015-ல்தான். அந்த வருடம் டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது. சித்தி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கல்யாண ஆல்பம், கிரகப்பிரவேச ஆல்பம் எல்லாம் சேற்றில் ஊறி, போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. (நனைந்த போட்டோவை ஒட்டியபடி காயவிடக் கூடாது, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்து, படம் மேலே தெரியும்படி பரப்பிக் காயவைக்க வேண்டும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.) போட்டோ எடுத்தவரிடமும் ஃபைல் இல்லை. அந்த விசேஷத்துக்கு இன்று மிஞ்சியிருப்பது என் பக்கத்தில் ஒட்டிய அந்த ஒரே போட்டோதான். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி குடித்த கையோடு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். பார்டர் எந்த வருடத்து மோஸ்தர் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பழைய தாள் ஒரு குறை இல்லை. போட்டோ எடுத்த வருடத்தில் வாங்கிய தாள், அந்த வருடத்துக் கடை, அந்த வருடத்து நிறம், அப்போது நமக்கு இருந்த ஆசை, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பக்கம். 2014 போட்டோவுக்கு 2014-ல் வாங்கிய தாளைப் போல எதுவும் பொருந்தாது. கடையில் எவ்வளவு கொடுத்தாலும் அதை இப்போது வாங்க முடியாது.

ஜங்க் ஜர்னல் மோகத்தில் இது இன்னும் நன்றாகத் தெரிகிறது. பழைய டிக்கெட், பழைய கடிதம், தபால் முத்திரை போல அச்சடித்த புதுத் தாள்களைக் காசு கொடுத்து வாங்குகிறோம். வீட்டிலோ தாத்தா எழுதிய இன்லேண்டு லெட்டர் இருக்கிறது. கருப்பு அட்டை ஆல்பத்தில் சிலந்திவலை டிசைன் போட்ட பட்டர் பேப்பர் இருக்கிறது. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. என் புத்தகத்தில் அவைதான் இருக்க வேண்டும். செய்தித்தாள் நறுக்கும் கடை பில்லும் மட்டும் நேராக ஒட்ட வேண்டாம். செய்தித்தாளில் இருக்கும் லிக்னின் வெளிச்சத்தில் மஞ்சளாகி உடையும், பக்கத்திலிருக்கும் போட்டோவையும் கெடுக்கும். இப்போதைய பில்கள் வெப்பத்தாளில் அச்சாவதால் எழுத்தே அழிந்துவிடும். இரண்டையும் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.

எல்லாப் பழசையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பழுத்துப்போன செல்லோ டேப், மஞ்சளித்த ரெசின், கட்டியாகிப்போன அக்ரிலிக் கலர் மூன்றையும் தூக்கிப் போட்டேன். காய்ந்த அக்ரிலிக் தண்ணீர் ஊற்றினால் திரும்பி வராது. பசை போன ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் ஒரு சொட்டு ஃபெவிகால் போதும். பாலிதீன் ஷீட்டைத் தூக்கி, பிசினில் படம் ஒட்டும் பழைய ஆல்பங்கள் இருந்தால் அதிலிருந்து போட்டோவை முதலில் மீட்டுவிடுங்கள். வராவிட்டால் இழுக்க வேண்டாம், பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் போட்டோவுக்குப் பின்னால் விட்டு மெதுவாக அறுத்தால் கழன்று வரும்.

எனக்குக் கை வந்தது எப்படி என்றால், முதலில் தாளை வெட்டினேன். பாண்டிச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடத்துத் தாள் ஒன்று என்னிடம் இருந்தது. தண்ணீரில் வண்ணம் மிதக்கவிட்டு ஒற்றியெடுத்த நீலத் தாள். பருத்திக் கந்தலில் செய்வதால் எளிதில் பழுக்காது. அவ்வளவு நல்ல தாளை எதற்கு எடுப்பது என்று சுருட்டியே வைத்திருந்தேன். முழுத் தாளாக இருக்கும்வரை அது பொக்கிஷம், கத்தரி வைக்கப் பயம். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு எட்டாக வெட்டிவிட்டேன். எட்டுத் துண்டானதும் பயம் போய்விட்டது. அந்த வாரமே மூன்று துண்டு பக்கங்களில் ஏறிவிட்டது. இப்போது நல்ல தாள் எதுவானாலும் முதல் வேலை அதுதான்.

இன்னொன்று, போட்டோவை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரே பெட்டி. அதில் இல்லாதது அந்தப் பக்கத்துக்குத் தேவையில்லை. அந்தக் கட்டுப்பாட்டினால்தான் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் கிடைத்தது.

செட்டாக வாங்கும் தாள்களில் பாதி நமக்கு ஒட்டாதவை. பூசணி, மேப்பிள் இலை, பனித்துகள். ஸ்டிக்கர்களும் அப்படித்தான், 'பெஸ்ட் டே எவர்', 'ஹலோ சன்ஷைன்' என்றுதான் பேசும். என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவளுடைய புத்தகத்தில் அவளால் படிக்க முடியாத வார்த்தைகளை ஏன் ஒட்ட வேண்டும்? இப்போது எல்லாத் தலைப்பையும் நானே தமிழில் கையால் எழுதுகிறேன். என் கையெழுத்து அப்படியொன்றும் அழகில்லை, பரவாயில்லை.

அப்படி ஒட்டாமல் கிடந்த ஒரு பனித்துகள் தாள். கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பனித்துகள் அச்சடித்தது. சென்னையில் அதை எதற்கு வாங்கினேனோ. அதே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மார்கழி விடியலில் அம்மா வாசலில் குனிந்து கோலம் போடும் போட்டோவை மேலே வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் பிரமித்துவிட்டேன். ஆறு கை விரிந்த பனித்துகள் ஒவ்வொன்றும் அச்சு அசலாக நட்சத்திரக் கோலம்! வெள்ளை ஜெல் பேனாவால் சுற்றிலும் புள்ளி வைத்தேன். மிஞ்சிய குவில்லிங் பட்டையில் ஒரு பூசணிப்பூ சுருட்டி நடுவில் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் புள்ளிகளை எண்ணிவிட்டு, "இதுல ஒரு புள்ளி விட்டுட்டியேடி" என்றாள். உண்மைதான், விட்டிருந்தேன். அவளே பேனாவை வாங்கி வைத்தாள்.

கடை வைத்திருப்பவர்கள் பிழைக்க வேண்டாமா என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆண்டர்சன் தெருவுக்கு இன்றும் போகிறேன். பசை தீர்ந்தால் பசை, பிளேடு மழுங்கினால் பிளேடு. மிச்சப் பணத்தை எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில் கொடுத்து 4x6 அளவில் போட்டோ பிரிண்ட் போடுகிறேன். உண்மையில் நம் எல்லாருக்கும் தட்டுப்பாடு அங்கேதான் இருக்கிறது. என் போனில் பன்னிரண்டாயிரம் படம் இருக்கிறது, காகிதத்தில் இருந்தது அறுபது. தாள் ஏழு பெட்டி நிறைய இருந்தும் ஒட்டுவதற்குப் படம் இல்லாமல் இருந்திருக்கிறேன். புதுத் தாள் வாங்க எடுத்து வைத்த பணம் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து இந்த மாதம் அதில் பிரிண்ட் போடுங்கள்.

ஏழு பெட்டியில் இப்போது நான்குதான் மிச்சம். போன வாரம் முதல் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு தாள் வந்தது. 2012-ல் ஆண்டர்சன் தெருவில் வாங்கியது. மகளின் முதல் நாள் பள்ளிக்கூடப் போட்டோவுக்கு என்றே வாங்கி, இதைவிட நல்ல போட்டோ வரட்டும் என்று எடுத்து வைத்தது. வெட்டுவதற்காகத் திருப்பினால் பின்பக்கம் முழுக்க கிரேயானில் கிறுக்கல். ஒரு வீடு, அதைவிடப் பெரிய சூரியன், கீழே 'அம்மா' என்று எழுதி, 'ம்'-மின் புள்ளியைப் பக்கத்து 'மா'-வின் தலையில் வைத்திருந்தாள். எப்போது எடுத்து வரைந்தாளோ தெரியாது, நான் பார்த்ததே இல்லை.

கல்லூரியிலிருந்து வந்தவளிடம் காட்டினேன். "இந்தப் பேப்பரைத் தொட்டா அடிப்பேன்னு சொன்னேல்ல, அதான் பின்னாடி வரைஞ்சேன்" என்றாள்.

புள்ளிப் பக்கத்தைக் கீழே வைத்து, கிறுக்கல் பக்கம் மேலே தெரியும்படி ஒட்டியிருக்கிறேன். போட்டோவை சூரியனுக்கும் வீட்டுக்கும் நடுவில் வைத்தோம். இடம் சொன்னவள் அவள்தான்.